யானை வாங்கும் முன் தீனிக் கணக்கு

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "வீட்டுக்கு ஒரு கார் வாங்கிவிட்டால் என்ன?" என்பதே அது. ஐ.டி.ஐ.க்கும் எச்.ஏ.எல்.லுக்கும் பி.இ.எல்.லுக்கும் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பும் இல்லை, தவறும் இல்லை.

தவறு, அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து விடை காண வேண்டிய கேள்வியைப் பலரும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஷோரூமில் போய்க் கேட்கிறார்கள். அங்கே கிடைக்கும் விடை எப்போதும் ஒன்றுதான்: "தாராளமாக வாங்கலாம் சார். தவணைதானே!"

விற்பவரைக் குறை சொல்வதற்கில்லை. விற்பது அவர் தொழில். கடன் கொடுப்பவரையும் குறை சொல்வதற்கில்லை. வட்டி வாங்குவது அவர் தொழில். ஆனால் ஊரில் இருக்கும் தாய் தந்தைக்கு மாதந்தோறும் எவ்வளவு போகிறது, ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு கட்ட வேண்டும், தங்கையின் திருமணத்துக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் அவ்விருவருக்கும் தெரியாது. அது தெரிந்த இடம் வீடு ஒன்றுதான். ஆகவே எந்தக் கார் தாங்கும் என்ற கணக்கையும் அங்கேதான் போட வேண்டும்.

கடிவாளம் போன கதை

முன்பெல்லாம் இந்தக் கணக்குக்கு அவ்வளவு அவசியம் இருக்கவில்லை. அம்பாசடர், பியட் இரண்டில் ஒன்றுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். அன்று அதன் விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். அதற்கும் காத்திருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. கார் வேண்டும் என்றவர் முதலில் பணம் சேர்த்தார், பிறகு பதிவு செய்தார், காத்திருந்த காலத்தில் மேலும் சேர்த்தார். தட்டுப்பாடே ஒரு கடிவாளமாக இருந்தது.

இன்று அந்தக் கடிவாளம் இல்லை. கையில் இருப்பது சொற்பம் என்றாலும் கடனில் கார் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீதமும் அதன் மேல் இழப்பீட்டு வரியும் இருந்தன. விலை இறங்கியது நல்லதே. ஆனால் விலை இறங்கியபோது பல குடும்பங்கள் என்ன செய்தன? நினைத்த காரையே குறைந்த கடனில் வாங்குவதற்குப் பதிலாக, அதே கடனில் இன்னும் ஒரு படி பெரிய காரைப் பார்க்கத் தொடங்கின. மிச்சமாக வேண்டிய பணம் கௌரவமாக மாறிவிட்டது.

இந்தக் கௌரவத்தின் பலம் சாதாரணமானது அல்ல. 2008 ஜனவரியில் டாட்டா நிறுவனம் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று நானோவை அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பத்தே ஆண்டுகளில், 2018ல், அதன் உற்பத்தி நின்றது. காரணங்கள் பல. 'மலிவான கார்' என்ற பெயரே அதற்கு எதிரியாகிவிட்டது என்பதும் அவற்றில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. கார் என்பது போக்குவரத்துச் சாதனம் மட்டுமல்ல, சம்பந்தி வீட்டார் பார்க்கும் பொருளும் கூட என்று நினைக்கும் வரையில் பென்சிலும் காகிதமும் தோற்றுக்கொண்டுதான் இருக்கும்.

சாலைக்கு வரும் விலை

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது ஷோரூம் விலை. அந்த விலைக்குக் கார் சாலைக்கு வராது. இந்தியாவில் வாகனங்களுக்கான ஆயுட்கால வரி அதிகமாக உள்ள மாநிலங்களில் கர்நாடகம் ஒன்று. 2025ஆம் ஆண்டு நிலவரப்படி, 5 லட்சம் ரூபாய் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சம் வரை 14 சதவீதம். 20 லட்சம் வரை 17 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். இந்த வரியின் மீது மேல்வரியும் உண்டு.

இதில் 10 லட்சம் என்னும் படியைக் கவனிக்க வேண்டும். 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய்க் காருக்கு வரி 1,38,600 ரூபாய். 10 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய்க் காருக்கு 1,71,700 ரூபாய். காரின் விலையில் உள்ள வித்தியாசம் 20,000 ரூபாய்தான். வரியில் உள்ள வித்தியாசம் 33,100 ரூபாய். "இன்னும் கொஞ்சம் போட்டால் மேல் மாடல் கிடைக்கும்" என்று ஷோரூமில் சொல்லும்போது, அந்தக் கொஞ்சம் இந்தப் படியைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது நல்லது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விலையில் ஒரு சதவீதம் வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே பிடிக்கப்படும். பின்னால் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், வாங்கும் நாளில் கைப்பணம் போக வேண்டியதுதான்.

அடுத்தது இன்சூரன்ஸ். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல், புதுக் காருக்கு மூன்றாண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை முதல் நாளிலேயே எடுத்தாக வேண்டும். காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியில் இரண்டு நிறுவனங்களில் விலை கேட்டுவிட்டு ஷோரூமில் பேசினால் அங்கேயும் தொகை இறங்கும். மிதியடி, சீட் உறை, 'கையாளும் கட்டணம்' என்று பில்லில் வரும் ஒவ்வொரு வரிக்கும் "இது எதற்கு?" என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

ஓசூர் யோசனை

இந்த இடத்தில் பெங்களூர்த் தமிழர்களுக்கே உரிய ஒரு யோசனை குறுக்கே வரும். "ஓசூரில் மாமா வீட்டு முகவரியில் வாங்கினால் வரி குறையுமே!" என்பது அது. ஒரு காலத்தில் அதில் லாபம் இருந்தது. தமிழ்நாட்டில் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 10 சதவீத வரியே இருந்தது. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதை மாற்றியது. அதன்படி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13 சதவீதம், 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். சிறிய காரில் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். பெரிய காரில் தமிழ்நாட்டின் விகிதமே அதிகம்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை ஓர் இடத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அப்போது கர்நாடக வரியும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கட்டிய வரியின் மிச்சத்தைத் திரும்பப் பெற அலைவது தனி வேலை. தவிர, இந்நகரில் போக்குவரத்து அதிகாரிகள் வெளி மாநிலப் பதிவு எண்களைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள் என்பது ஓட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆயிரங்களை மிச்சம் பிடிக்கப் போய், ஒவ்வொரு சிக்னலிலும் நெஞ்சு படபடக்க ஓட்டுவதில் என்ன சுகம்?

தவணை என்னும் மாயம்

சாலை விலை தெரிந்தபின் கடன் பேச்சு வரும். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதுதான் கடன் தருபவரின் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொன்னவுடனே வாங்குபவர் பாதி தோற்றுவிட்டார். ஏனென்றால் தவணைத் தொகையைக் குறைத்துக் காட்டுவது மிகச் சுலபம்; ஆண்டுகளைக் கூட்டினால் போதும்.

9 லட்சம் ரூபாய்க் கடன், 9 சதவீத வட்டி என்று கொள்ளலாம். நான்கு ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 22,400 ரூபாய். மொத்த வட்டி 1 லட்சத்து 75 ஆயிரம். ஏழு ஆண்டு என்றால் தவணை 14,480 ரூபாயாக இறங்கும்; ஆனால் மொத்த வட்டி 3 லட்சத்து 16 ஆயிரமாக ஏறும். மாதம் 7,900 ரூபாய் இலேசானதாகத் தோன்றியதற்கு விலை 1 லட்சத்து 41 ஆயிரம் ரூபாய்!

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. கடன் மெதுவாகத்தான் குறையும். காரின் மதிப்போ வேகமாக இறங்கும். காப்பீட்டுத் துறையின் வழக்கமான கணக்குப்படி இரண்டு ஆண்டு முடிந்த காருக்கு 30 சதவீதமும், நான்கு ஆண்டு முடிந்ததற்கு 50 சதவீதமும் தேய்மானம் கழிக்கப்படும். 9 லட்சம் ரூபாய்க் காருக்கு முழு விலையையும் ஏழு ஆண்டுக் கடனாக வாங்கியவர், இரண்டு ஆண்டில் 24 தவணையும் தவறாமல் கட்டியிருப்பார். 3 லட்சத்து 47 ஆயிரம் ரூபாய் போயிருக்கும். அப்போதும் பாக்கிக் கடன் 6 லட்சத்து 97 ஆயிரம். காரின் மதிப்போ 6 லட்சத்து 30 ஆயிரம். அதாவது, அன்று காரை விற்றாலும் கடன் தீராது. கைக்காசு 67,000 ரூபாய் போட்டால்தான் கழுத்திலிருந்து கயிறு இறங்கும். வேலை நிரந்தரமில்லாத தொழில்கள் நிறைந்த இந்நகரில், ஆட்குறைப்புக் கடிதம் வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நாளில்தான்.

இன்னொரு பழைய தந்திரமும் இன்றுவரை சாகவில்லை. குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடுவது ஒரு முறை; முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடுவது மற்றொரு முறை. இரண்டையும் '9 சதவீதம்' என்றே சொல்வார்கள். ஆனால் 9 லட்சம் ரூபாய்க்கு ஐந்தாண்டில் முதல் முறையில் வட்டி 2 லட்சத்து 21 ஆயிரம்; இரண்டாம் முறையில் 4 லட்சத்து 5 ஆயிரம். பின்னதன் உண்மையான வட்டி விகிதம் 15 சதவீதத்தைத் தாண்டும். இதற்கு ரிசர்வ் வங்கி ஒரு நல்ல மருந்து கொடுத்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல், தனிநபர்களுக்குத் தரும் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கடன் வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த டிரைவரும் மெக்கானிக்கும் இந்நகரில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். "தமிழில் கொடுங்கள்" என்று அவர்கள் கேட்பது சலுகை அல்ல, விதி தந்த உரிமை.

மாதந்தோறும் போடும் தீனி

யானையை வாங்குவது பெரிதல்ல, அதைக் கட்டித் தீனி போடுவதுதான் பெரிது என்பார்கள் பெரியவர்கள். காருக்கு அது அப்படியே பொருந்தும்.

கிருஷ்ணராஜபுரம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது மாதம் 1 லட்சம் ரூபாய். வாடகை 24,000. பராமரிப்பு, மின்சாரம், தண்ணீர் 4,000. மளிகை, பால், கேஸ் 15,000. பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பங்கிட்டால் 15,000. ஊரில் உள்ள பெற்றோருக்கு 8,000. வைத்தியமும் மருத்துவக் காப்பீடும் 4,000. ஸ்கூட்டர், மெட்ரோ, ஆட்டோ 6,000. போன், துணிமணி, விருந்து, விசேஷம் 6,000. சீட்டும் சேமிப்பும் 8,000. ஆக மொத்தம் 90,000. மிச்சம் 10,000 ரூபாய். கார் வந்தால் ஸ்கூட்டர், ஆட்டோ செலவில் பாதி குறையும் என்று கொண்டால் 3,000 ரூபாய் கூடும். எனவே, இந்தக் குடும்பம் காருக்கென்று ஒதுக்கக்கூடிய உச்சவரம்பு மாதம் 13,000 ரூபாய்.

இந்த 13,000 முழுவதும் தவணைக்கு என்று நினைப்பதில்தான் பலர் இடறுகிறார்கள். முதலில் தீனி. 2024 ஜூனில் கர்நாடக அரசு விற்பனை வரியை உயர்த்தியபின் பெங்களூரில் பெட்ரோல் லிட்டருக்கு 102 ரூபாயைத் தாண்டியது. 103 ரூபாய் என்றே கணக்கிடலாம். மாதம் 500 கி.மீ. ஓடினால், இந்நகர நெரிசலில் லிட்டருக்கு 14 கி.மீ. கிடைத்தால், பெட்ரோலுக்கு ஏறத்தாழ 3,700 ரூபாய். இன்சூரன்ஸுக்கு மாதத்துக்கு 1,500. சர்வீஸ், டயர், பேட்டரிக்கு 1,500. பார்க்கிங், சுங்கச்சாவடி, வண்டி கழுவுதலுக்கு 1,000. மொத்தம் 7,700 ரூபாய். வண்டி வாசலில் நின்றாலும் இதில் பாதிக்கு மேல் போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஆக, தவணைக்கு மிஞ்சுவது 5,300 ரூபாய். 9 சதவீத வட்டியில், ஐந்து ஆண்டில் அடைக்கும்படி, இந்தத் தவணைக்குக் கிடைக்கும் கடன் ஏறத்தாழ 2 லட்சத்து 55 ஆயிரம். மூன்று மாதக் குடும்பச் செலவைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, சேமிப்பிலிருந்து 3 லட்சம் எடுக்க முடியும் என்று வைத்தால், அவர்களால் தாங்கக்கூடிய கார் சாலை விலையில் ஐந்தரை லட்சம் ரூபாய்க் கார். அதாவது, ஷோரூம் விலை நாலரை லட்சத்தை ஒட்டிய சிறிய புதுக் கார், அல்லது நான்கைந்து ஆண்டு ஓடிய, சற்றுப் பெரிய பழைய கார்.

பாங்கு சொல்வதும் வீடு சொல்வதும்

இதே குடும்பம் பாங்கில் போய்க் கேட்டால் என்ன சொல்வார்கள்? வேறு கடன் இல்லாதவருக்குச் சம்பளத்தில் 40, 50 சதவீதம் வரை தவணையாகப் போகலாம் என்று கணக்கிடும் வழக்கம் உண்டு. 40,000 ரூபாய்த் தவணைக்குத் தகுதி உண்டு என்பார்கள். வீட்டுக் கணக்கு 5,300 என்கிறது. பாங்குக் கணக்கு 40,000 என்கிறது. பாங்கு பொய் சொல்லவில்லை. கொடுத்த பணம் திரும்பி வருமா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. அந்தப் பணம் திரும்பிப் போகும்போது வீட்டில் எது குறையும் என்பதைப் பார்ப்பது அதன் வேலை அல்ல.

எது குறையும் என்பதையும் சொல்லிவிடலாம். மேலே கண்ட 9 லட்சக் கடனை ஏழு ஆண்டுக்கு இந்தக் குடும்பம் வாங்கினால், தவணையும் தீனியும் சேர்ந்து மாதம் 22,180 ரூபாய். ஒதுக்கக்கூடியது 13,000. மாதந்தோறும் 9,000 ரூபாய்க்கு மேல் துண்டு விழும். வாடகையைக் குறைக்க முடியாது. பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. குறையக்கூடியவை இரண்டுதான்: ஒன்று, சேமிப்பாகப் போகும் 8,000. மற்றொன்று, ஊருக்கு அனுப்பும் 8,000. யாரும் அப்படித் தீர்மானம் போட்டுக் குறைப்பதில்லை. முதலில் சீட்டு நிற்கும். பிறகு ஊருக்கு ஒரு மாதம் தாமதமாகப் போகும், அடுத்த மாதம் பாதியாகப் போகும். திருவண்ணாமலையிலோ தருமபுரியிலோ மாத்திரை வாங்கும் முதியவர் காரணம் கேட்கமாட்டார். பொங்கலுக்குப் புதுக் காரில் வந்து இறங்கும் மகனைப் பார்த்துப் பெருமைப்படவே செய்வார். அந்தக் காரின் தவணையில் தம் மாத்திரையும் அடங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலே போகும்.

அமெரிக்காவில் 20-4-10 என்றொரு விதி புழங்குகிறது. விலையில் 20 சதவீதமாவது கைப்பணம், கடன் நான்கு ஆண்டுக்கு மேற்படக்கூடாது, காரின் மொத்த மாதச் செலவு வருமானத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதே அது. எளிய விதிதான். ஆனால் மாதந்தோறும் பெற்றோருக்குப் பணம் அனுப்பும் வழக்கமும், வாடகை வீட்டுக்குப் பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகிய இந்நகரத்தின் வழக்கமும் அந்த விதியை வகுத்தவர்களுக்குத் தெரியாது. எனவே அதை வேலியாக வைத்துக்கொள்ளலாம். வீட்டின் வரவு செலவை எழுதிப் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

கார் வேண்டாம் என்பதா?

கார் வாங்கவே கூடாது என்று உபதேசம் செய்வது எளிது. அது நியாயமாகாது. முழங்கால் வலியுள்ள தாயை ஸ்கூட்டரில் ஏற்ற முடியாது. அடைமழை இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், செயலியில் ஆட்டோ வருமா என்று விழித்துக்கொண்டிருக்க முடியாது. தீபாவளிக்கு முதல் நாள் ஆம்னி பஸ் கட்டணம் எங்கே போகிறது என்பது ஓசூர் சாலையில் நின்றவர்களுக்குத் தெரியும். இவையெல்லாம் உண்மையான தேவைகள்.

ஆனால் தேவை எத்தனை நாள் என்றும் கேட்க வேண்டும். பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்ட நகரம் இது. டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி இங்கே 10 கி.மீ. கடக்க ஆகும் சராசரி நேரம் 34 நிமிடம். தினசரி அலுவலகத்துக்கு என்று கார் வாங்குபவர் வாங்குவது வேகத்தை அல்ல, நெரிசலில் உட்கார்ந்திருக்க ஒரு மெத்தையைத்தான். நம்ம மெட்ரோ 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு முதல் சல்லகட்டா வரை முழுமையாயிற்று. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலையிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை மஞ்சள் பாதை திறந்தது. 2025 பிப்ரவரியில் கட்டணம் உயர்ந்து உச்சம் 90 ரூபாயானபோது எழுந்த முணுமுணுப்பு நியாயமானதே. ஆயினும் காரின் தினச் செலவோடு ஒப்பிட்டால் அது மலிவுதான். ஆட்டோ கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் கி.மீ.க்கு 18 ரூபாய். அந்த 13,000 ரூபாயில் மாதம் ஏறத்தாழ 700 கி.மீ. மீட்டர் கட்டணத்தில் ஆட்டோவில் போகலாம். மீட்டர் போடும் ஆட்டோ கிடைப்பது வேறு விஷயம். கணக்கு என்னவோ அதுதான். வாரத்தில் ஒரு நாளும் பண்டிகைக்கும் மட்டுமே கார் தேவைப்படும் வீடு, வாடகைக் காரையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

பழைய காரை வாங்குவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. முதல் நான்கு ஆண்டின் பெரிய தேய்மானத்தை வேறொருவர் சுமந்திருப்பார். ஆனால் அதற்கும் விழிப்பு வேண்டும். பதிவுச் சான்றில் பாங்கின் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா, பெயர் மாற்றம் உடனே ஆகுமா, போக்குவரத்துப் போலீசின் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாக்கி அபராதத்துக்கு அரைத் தள்ளுபடி என்று 2023லும் 2025லும் அரசு அறிவிக்க வேண்டி வந்தது என்றால், எத்தனை வண்டிகளின் பேரில் பாக்கி நின்றிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மின்சாரக் கார் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2001லேயே ரேவா என்னும் மின்சாரக் காரை உருவாக்கிய ஊர் இது. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், ஓட்டும் செலவும் குறைவு. ஆனால் வாடகை வீட்டில் சார்ஜ் போட இடம் கொடுப்பார்களா என்று வீட்டுக்காரரைக் கேட்ட பிறகே ஷோரூமுக்குப் போவது புத்திசாலித்தனம்.

ஆறு மாத ஒத்திகை

கணக்கு சரியாக வருகிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கார் வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, தவணையும் தீனியும் சேர்ந்த தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட வேண்டும். ஆறு மாதம் இப்படிச் செய்ய வேண்டும். அந்த ஆறு மாதத்தில் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமோ, ஒரு பண்டிகையோ இருந்தால் இன்னும் நல்லது. கைமாற்று வாங்காமல், ஊருக்கு அனுப்புவதைக் குறைக்காமல் ஒத்திகை நடந்துவிட்டால் அந்தக் கார் அந்த வீட்டுக்குத் தாங்கும். மாதம் 13,000 வீதம் சேர்ந்த 78,000 ரூபாய் முன்பணத்தையும் கூட்டும். கடன் அந்த அளவுக்குக் குறையும். மூன்றாம் மாதமே மூச்சு முட்டினால், நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டு ஒரு படி சிறிய காரைப் பார்க்கலாம். ஒத்திகையில் தோற்றால் நஷ்டம் இல்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபின் தோற்றால் நஷ்டம் மட்டும் அல்ல, அவமானமும் சேரும்.

கணக்கைக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் போட்டால் போதாது. மளிகைக்கடைக்குப் போகிறவருக்குத் தெரிந்த விலைவாசி, ஷோரூமுக்குப் போகிறவருக்குத் தெரியாது. இருவரும் உட்கார்ந்து எழுத வேண்டும்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கார் விளம்பரங்களில் ஷோரூம் விலையைப் பெரிதாகவும் மற்றதைப் பொடி எழுத்திலும் போடும் வழக்கத்தை மாற்றி, அந்தந்த நகரத்தின் சாலை விலையையும், தவணை சொல்லும் இடத்தில் மொத்த வட்டியையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று விதி செய்யலாம். கருவூலத்துக்கு இதனால் ஒரு பைசாவும் செலவு ஆகாது.

அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை நிற்கிறது. அந்த வழியாகத் தினமும் ஆயிரக்கணக்கான கார்கள் ஊர்ந்து போகின்றன. வரவின் வழி சிறிதாக இருப்பதால் கேடு வருவதில்லை, செலவின் வழி அதைவிட அகன்றுவிடாமல் இருந்தால் போதும் என்னும் கருத்தை அவர் ஒரு குறளில் வைத்திருக்கிறார். அந்தக் குறள் பொருட்பாலில், 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் வருகிறது. படை நடத்தும் அரசனுக்குத் தன் வலிமையின் அளவு தெரிய வேண்டும் என்று சொன்ன இடத்திலேயே வரவு செலவையும் அவர் பேசியிருப்பது கவனிக்கத்தக்கது. சிக்னலில் நிற்கும் நேரத்தில் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்க்கிறவர், தாம் உட்கார்ந்திருக்கும் காரின் தவணையையும், ஊரில் காத்திருக்கும் தாயின் மணியார்டரையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே மாதத்தில் தட்டாமல் போகிறதென்றால், அந்தக் கார் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதுவே அந்த வீட்டுக்கு ஏற்ற கார்.